பத்தே கால் பஸ்ஸும் பின்தங்கிய பள்ளிகளும்

நாஞ்சில் டீச்சர்:
பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பற்றிய இழையில் ஓசூர் மணி என்பவர் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "மலையடிவாரப் பள்ளிகளுக்கு உருப்படாத வாத்தியார்கள்தான் வருகிறார்கள். பத்தே கால் பஸ்ஸில் வந்து மூன்று மணி பஸ்ஸில் கிளம்பிவிடுகிறார்கள். மாதம் லட்ச ரூபாய் சம்பளம். பிள்ளைகளுக்கு அ, ஆ தெரியவில்லை." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

மணி சார், அது எந்த ஊர் பஸ்? திருவண்ணாமலை மாவட்டத்தில் மலையடிவார ஒன்றியம் ஒன்றில்தான் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊருக்குக் காலையில் இரண்டு நடை. ஏழரைக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று. அதை விட்டால் மதியம்தான். பத்தே கால் பஸ் என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டம், பயிற்சி, வட்டாரக் கல்வி அலுவலகம் என்று போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. ஒரே அறையில் இந்தப் பக்கம் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அட்டைகளை வைத்துக்கொண்டு அரும்பு நிலைப் பிள்ளைகள், அந்தப் பக்கம் மொட்டு, மலர் என்ற அடுத்த நிலைகள், மூலையில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். நடுவில் ஒன்றாம் வகுப்புப் பையன் கால்சட்டைப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் அழுதுகொண்டு வந்து நிற்பான். அப்புறம் செயலியில் வருகைப் பதிவு ஏறவில்லை என்று போன் வரும். இதில் நான் உருப்படாதவளா?

லட்ச ரூபாயாம். 2009 ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு, அடிப்படை ஊதியம் 8,370 என்றும், அதற்குப் பிறகு சேர்ந்த எங்களுக்கு 5,200 என்றும் அப்போது வைத்தார்கள். அந்த வித்தியாசத்தைக் கேட்டுத்தான் இத்தனை ஆண்டுகளாகச் சென்னையில் போய் உட்காருகிறோம்.

ஓசூர் மணி:
டீச்சர், உங்களை யார் சொன்னார்கள்? நான் பார்த்ததைச் சொன்னேன். எங்கள் மாமனார் ஊரில் பத்தே கால் பஸ்ஸில்தான் இறங்குவார்கள். கையில் டிபன் பை, காதில் போன். வரி கட்டுகிறவன் கேள்வி கேட்கக் கூடாதா?

வடாற்காட்டு வாத்தியார்:
மணி தம்பி சொன்னதில் தப்பில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பத்தே கால் பஸ் உண்டு. அதில் யார் யார் வந்தார்கள் என்று பெயர் சொல்லவும் என்னால் முடியும், நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

ஆனால் மணி தம்பிக்கு மூல காரணம் தெரியவில்லை. அதை இடமாறுதல் கலந்தாய்வில்தான் தேட வேண்டும். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் என்று வட மாவட்டங்களில்தான் காலியிடம். அங்கே நியமனம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். சேர்ந்த அன்றே எப்போது கிளம்பலாம் என்று நாள்காட்டியைப் பார்ப்பார்கள். பணிமூப்பு ஏறியதும் சொந்த ஊர்ப்பக்கம் மாறுதல். சூட்டிகையானவன் முதலில் போவான். யாருக்கு ஆளும் இல்லை, மூப்பும் இல்லையோ அவன் இங்கே கிடப்பான். பத்தே கால் பஸ்ஸில் வருகிறவன் அவன்தான்.

நாஞ்சில் டீச்சர்:
வாத்தியார் ஐயா, தெற்கத்திக்காரர்கள் வராமல் இருந்திருந்தால் உங்கள் மாவட்டத்தில் பாதிப் பள்ளிக்குச் சாவி திறக்க ஆள் இருந்திருக்காது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஆசிரியப் பயிற்சி படித்தோம். அதற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டுமா? மாமியாரை நாகர்கோவிலில் விட்டுவிட்டு, பிள்ளையை இங்கே வாடகை வீட்டில் வைத்துக்கொண்டு இருப்பவளிடம் நாள்காட்டியைப் பார்க்காதே என்றால்?

பஸ்ஸுக்கு வருகிறேன். பெயர் சொல்ல வேண்டாம். தடம் எண் சொல்லுங்கள்.

சும்மா படிப்பவன்:
ஒரு சின்னக் கேள்வி. திறமையில்லாத ஆசிரியர் என்று இங்கே யாரைச் சொல்கிறோம்? தாமதமாக வருபவரையா, வந்தும் சொல்லிக்கொடுக்காதவரையா, சொல்லிக்கொடுத்தும் பிள்ளைகளுக்கு ஏறாதவரையா? மூன்றும் வேறு வேறு இல்லையா?

வடாற்காட்டு வாத்தியார்:
தடம் எண்ணா? நான் என்ன போக்குவரத்துக் கழகத்திலா வேலை பார்த்தேன்? 1990-களில் அந்த ஊரில் நான் இருந்தபோது பத்தே கால் பஸ் உண்டு. செம்மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். நான் அதில் ஏறியதில்லை. சைக்கிளில் எட்டரைக்கே போய் நிற்பேன். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். துறைக்கு இந்தப் பள்ளிகள் மேல் என்ன மரியாதை இருக்கிறது? தப்புப் பண்ணுகிறவனை என்ன சொல்லி மிரட்டுவார்கள்? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காட்டிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எந்த அதிகாரியாவது யோசித்ததுண்டா? குடித்துவிட்டு வந்தவன், சீட்டுப் பணத்தில் மாட்டியவன், எதிர்த்துப் பேசியவன் எல்லோரும் ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும். எதிர்த்துப் பேசியவனாவது பாடம் நடத்துவான். மற்ற இருவரும்? தண்டனை அனுபவிப்பது மலைப் பிள்ளைகள்.

தொண்ணூறு மதிப்பெண்:
பஸ்ஸையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்தப் பஸ்ஸில் ஏற முடியாமல் வெளியே நிற்கிற எங்களைப் பற்றி யாராவது பேசுங்கள்.

2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள், ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் எப்படித் தேறும்? மறுபடி வைத்தபோது மூன்று மணி நேரமாக்கினார்கள். 2013-இல் 90-க்கு மேல் வாங்கித் தேறியவன் நான். அடுத்த ஆண்டு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 போதும் என்றார்கள். போதாததற்கு வெயிட்டேஜ் என்று பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்தார்கள். நான் பிளஸ் டூ படித்த காலத்தில் ஆயிரம் மார்க் வாங்கினால் ஊரே வந்து பார்க்கும். சின்னப் பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். 2018-இல் அந்த வெயிட்டேஜை எடுத்துவிட்டு, தகுதித் தேர்வு மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றார்கள்.

தேறியவன் வெளியே. பள்ளியில் காலியிடம். 2022-இல் அதை நிரப்ப என்ன செய்தார்கள்? 13,331 தற்காலிக ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு மூலம். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000. கட்டட வேலைக்குப் போனால் அதைவிடக் கூடக் கிடைக்கும். இப்படிச் செய்துவிட்டு ஆசிரியர் சரியில்லை என்றால் யாரை நோவது?

அரைநாள் ஆசிரியர்:
7,500-ஐப் பற்றிப் பேசும்போது எங்களை மறந்துவிட வேண்டாம். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 2012-இல் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். மாதம் 5,000. வாரத்துக்கு மூன்று அரைநாள். 12,500 ஆவதற்குள் தலை நரைத்துவிட்டது. பல ஆண்டுகள் மே மாதச் சம்பளமும் இல்லை. பேருக்குத்தான் அரைநாள். ஆள் இல்லாத பள்ளியில் ஓவிய வாத்தியார்தான் கணக்கும் எடுக்கிறார். கணக்கு வாத்தியார் வராத வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் இயற்கணிதம் நடத்தினேன். எனக்கே புரியாத இடங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

வடாற்காட்டு வாத்தியார்:
தொண்ணூறு தம்பிக்கு ஒன்று சொல்லட்டுமா? மூன்று மணி நேரத்தில் 150 கட்டம் கறுப்படிப்பவன் எல்லாம் ஆசிரியன் ஆகிவிட முடியாது. எங்கள் காலத்தில் எந்தத் தகுதித் தேர்வும் இல்லை. எங்களிடம் படித்தவர்கள் இன்றைக்கு ஆட்சியராக இருக்கிறார்கள்.

தொண்ணூறு மதிப்பெண்:
ஐயா, உங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு வீட்டில் தூங்கினால் போதும், மூப்பு வந்ததும் உத்தரவு வரும். அந்த வரிசையில் வந்தவர்கள்தானே பத்தே கால் பஸ்ஸில் வந்ததாக நீங்களே சொல்கிறீர்கள்? 1990-களில் தகுதித் தேர்வு எழுதியவன் எவனும் பணியில் இல்லை. கணக்கு இடிக்கிறது.

நாஞ்சில் டீச்சர்:
அப்படிக் கேளுங்கள்.

வடாற்காட்டு வாத்தியார்:
எந்தக் கணக்கும் இடிக்கவில்லை. அன்று வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். தேர்வு மாறினாலும் பஸ் மாறவில்லை. தூங்கிக்கொண்டிருந்தோமா? 2003 வேலைநிறுத்தத்தில் ஒரே அடியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அதில் நானும் ஒருவன். நீங்கள் எல்லாம் அப்போது டவுசர் போட்டிருந்திருப்பீர்கள்.

இப்போது தகுதித் தேர்வு, தகுதித் தேர்வு என்று குதிக்கிறவர்களுக்கு: 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பணியில் இருப்பவரும் தேற வேண்டும், இரண்டு ஆண்டு அவகாசம். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருந்தால் மட்டும் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. ஐம்பது வயதில் ஒரு டீச்சர் கைடு வாங்கி உளவியல் மனப்பாடம் பண்ணுகிறார். வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

சும்மா படிப்பவன்:
மறுபடி கேட்கிறேன், யாரைத் திறமையில்லாதவர் என்கிறோம் என்று. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2003-இல் இந்தியா முழுக்க 3,700 பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தார்கள். பொருளியலாளர்கள் கிரெமர், கார்த்திக் முரளிதரன் முதலானோர் செய்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஓர் ஆசிரியர் அன்று பள்ளியில் இல்லை. மொத்த ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கூடினால் வருகை கூடும் என்று தெரியவில்லை. கட்டடம் நன்றாக இருந்து, ஆய்வுக்கு யாராவது வந்துபோய்க்கொண்டு, தார்ச்சாலைக்கு அருகில் பள்ளி இருந்தால் ஆசிரியர் வருகை மேலாக இருந்தது.

பிறகு ஆந்திரத்தில் ஒரு சோதனை. ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் மேலாகப் படித்தார்கள். ஒப்பந்த ஆசிரியர், பல மடங்கு சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியரைவிடக் குறைந்தவராக இல்லை. பள்ளிக்கு வராத நாளும் அவருக்குக் குறைவு.

ஓசூர் மணி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சம்பளம் கூடினால் வருகை கூடாது. லட்ச ரூபாய் தண்டம்.

வடாற்காட்டு வாத்தியார்:
தார்ச்சாலைக்கு அருகில்! பார்த்தீர்களா? பஸ்! நான் சொன்னது ஆய்விலேயே இருக்கிறது.

ஆந்திரா சமாச்சாரம் ஆந்திராவோடு இருக்கட்டும்.

அரைநாள் ஆசிரியர்:
அது எப்படி ஐயா, பிடித்தது மட்டும் ஆய்வு, பிடிக்காதது ஆந்திராவா? எங்களைப் போன்றவர்கள் குறைந்தவர்கள் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்திருக்கிறது, அதையும் தூக்கிப் போடுகிறீர்கள்.

தொண்ணூறு மதிப்பெண்:
அரைநாள் சார், அந்த ஆய்வை இங்கே தூக்கிப் பிடிக்காதீர்கள். 7,500-க்கே ஆள் கிடைக்கும்போது நிரந்தரப் பணி எதற்கு என்று கோட்டையில் யாராவது இதைப் படித்துக் கேட்கப் போகிறார்கள். உங்கள் சம்பளத்துக்கும் அதுதான் ஆபத்து.

அரைநாள் ஆசிரியர்:
எங்கள் பணிநிரந்தரக் கோரிக்கை வரும்போதெல்லாம் தகுதித் தேர்வு முடித்தவர்கள் குறுக்கே நிற்பது புதிதில்லை. தேறாதவர்களுக்கு நிரந்தரமா என்று உங்கள் ஆட்கள் பேசியதை நாங்கள் மறக்கவில்லை.

மேலாண்மைக் குழு அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பையன் அங்கேதான் படிக்கிறான். நீங்கள் சண்டை போடுகிற பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் கண்டக்டர். எங்கள் தடத்தில் பத்தே கால் நடை இருந்தது. கொரோனாவோடு நிறுத்தியதை மறுபடி விடவே இல்லை. இப்போது டீச்சர்கள் ஸ்கூட்டியில் வருகிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்களுக்கு ஒரு டீச்சர் இருந்தார். படிக்காத பிள்ளையின் வீட்டுக்கே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, அம்மாவையும் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வார். கலந்தாய்வில் அவருக்குப் பக்கத்து டவுனில் இடம் கிடைத்தது, போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மாற்றுப்பணியில் பக்கத்துப் பள்ளி டீச்சரை வாரத்தில் சில நாள் அனுப்பினார்கள். அவருக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவருக்கு நேரம் இல்லை. பிறகு வந்தவர் புதியவர், அவரும் அடுத்த கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேன் வைத்து மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்ததும், உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுகிற பணி நிரவலில், இருந்த ஒருவரையும் தூக்கினார்கள். கேட்டால் விதி என்கிறார்கள். போக வேண்டும் என்றால் போகட்டும். ஆனால் மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் விடுவிப்போம் என்று ஏன் ஒரு விதி போடக் கூடாது?

வடாற்காட்டு வாத்தியார்:
அம்மா, மிக்க நன்றி! கண்டக்டர் வீட்டிலிருந்தே சாட்சி வந்துவிட்டது. பத்தே கால் நடை இருந்தது! நாஞ்சில் டீச்சர் இப்போது என்ன சொல்கிறார்?

நாஞ்சில் டீச்சர்:
"நிறுத்தியதை மறுபடி விடவே இல்லை" என்பதையும் சேர்த்துப் படியுங்கள் ஐயா. மணி சார் எழுதியது "கிளம்பிவிடுகிறார்கள்" என்று, இன்றைக்கு நடப்பது போல. இல்லாத பஸ்ஸில் எப்படி வருவது?

ஓசூர் மணி:
ஸ்கூட்டியில் பத்தே காலுக்கு வருகிறார்கள். போதுமா?

நாஞ்சில் டீச்சர்:
செயலியில் வருகை பதிவாகிற நேரம் உங்களுக்குத் தெரியுமா சார்? காலையிலேயே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்கு முன்பே அலுவலகத்திலிருந்து கேட்பார்கள்.

ஓசூர் மணி:
வீட்டில் இருந்தே ஏற்றலாம் என்று கேள்விப்பட்டேன்.

நாஞ்சில் டீச்சர்:
கேள்விப்பட்டீர்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று நானும் கேள்விப்பட்டேன்.

ஓசூர் மணி:
என் பிள்ளையை இழுக்காதீர்கள். அரசு ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு எடுக்கட்டும், அப்புறம் பேசலாம்.

தொண்ணூறு மதிப்பெண்:
மேலாண்மைக் குழு அம்மா ஒரு விதியைச் சொன்னாரே, அதை யாரும் தொடவில்லை. கலந்தாய்வில் காட்டாமல் மறைத்து வைக்கிற இடங்கள் பிறகு, கலந்தாய்வு இல்லாமலே கொடுக்கிற நிர்வாக மாறுதலில், யாருக்குப் போகின்றன என்பதையும் பேச வேண்டும். தலைமையாசிரியராக இருந்த வடாற்காட்டாருக்குத் தெரியாததா?

வடாற்காட்டு வாத்தியார்:
எனக்கு எல்லாம் தெரியும். நிர்வாக மாறுதல் வாங்கினவர்கள் எந்தத் திசைக்குப் போனார்கள் என்றும் தெரியும். சொன்னால் நாஞ்சில் டீச்சருக்குக் கோபம் வரும். 2023 டிசம்பரில் 243-ஆம் அரசாணை போட்டுப் பதவி உயர்வுக்கான ஒன்றிய மூப்பை மாநில மூப்பாக மாற்றினார்களே, அது யாருக்குத் தோது? இங்கே ஒன்றியத்திலேயே வேர் விட்டு இருந்தவன் தலைமையாசிரியர் ஆகிற நேரத்தில் எங்கிருந்தோ ஒருவர் மூப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார். கொஞ்ச நாளில் அவரும் போய்விடுவார்.

நாஞ்சில் டீச்சர்:
அந்த அரசாணையை எதிர்த்து, தொடக்கப் பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் நடத்திய போராட்டத்தில் நானும்தான் உட்கார்ந்தேன். அதனால் அதிகம் பாதிக்கப்படுவது பெண் ஆசிரியர்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போ என்கிறது. வடக்கு, தெற்கு என்று நீங்கள்தான் கோடு கிழிக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாக இதே ஒன்றியத்தில் இருக்கிறேன். நாள்காட்டி பார்க்கிறவள் இருப்பாளா?

வடாற்காட்டு வாத்தியார்:
மாறுதல் கிடைக்கவில்லை, இருக்கிறீர்கள்.

நாஞ்சில் டீச்சர்:
இது ரொம்பவே அதிகம்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். வடாற்காட்டு வாத்தியார், நாஞ்சில் டீச்சர் இருவருக்கும் இது எச்சரிக்கை. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

வடாற்காட்டு வாத்தியார்:
மட்டுறுத்துநர் தம்பி, தலைப்பிலேயே பஸ் இருக்கிறது. நான் தலைப்பை விட்டு எங்கே போனேன்? எனக்கு எச்சரிக்கை கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வயதையும் என் அனுபவத்தையும் யோசித்திருக்கலாம். பரவாயில்லை.

தீர்வும் நானே சொல்கிறேன். மலை ஒன்றியத்தில் பணியாற்றுகிறவருக்கு மலைப்படியை இரண்டு மடங்காக்கு. பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பு கட்டு. அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே அங்கே பணி கொடு. தெற்கத்திக்காரர்கள் தெற்கிலேயே இருக்கட்டும்.

அரைநாள் ஆசிரியர்:
அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான் நாங்கள். பக்கத்து ஊரில் இருந்துதான் பள்ளிக்கு வருகிறோம், எந்தக் கலந்தாய்வுக்கும் போவதில்லை. எங்களை நிரந்தரமாக்கு என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே?

தொண்ணூறு மதிப்பெண்:
அவருக்கு வாய் வராது. 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம். எங்கள் தலைமுறை சேர்ந்தாலும் அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு மற்றவனுக்கு மலைப்படி கணக்குப் போடுகிறார்.

வடாற்காட்டு வாத்தியார்:
அந்த ஓய்வூதியம் சும்மா வரவில்லை தம்பி. அதற்காக வேலை போய், உள்ளே இருந்து வந்தவர்கள் நாங்கள். நீங்கள் முகநூலில் போராடுகிறவர்கள். ஓய்வூதியம் பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். தைரியம் இருந்தால் அங்கே வரவும்.

தொண்ணூறு மதிப்பெண்:
வந்து பார்த்தேன். முதல் ஏழு பதிவும் நீங்களே போட்டிருக்கிறீர்கள்.

வடாற்காட்டு வாத்தியார்:
எட்டாவது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பொறுமையாக இருக்கவும்.